நாயும் தண்ணீரும்: கிணறு, வாய்க்கால், கடல், படகு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோட்டத்தில் நாய் வளர்ப்பவர்களும், லீவு விட்டால் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆறு, கடல் என்று கிளம்புகிற நகரத்துக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் நாய் வளர்ப்பவன், கால்நடை மருத்துவர் இல்லை. மருந்து, ஊசி விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

எல்லா நாய்க்கும் பிறவியிலேயே நீச்சல் தெரியும்தானே?

காலடிக்கத் தெரியும், அவ்வளவுதான். தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தாலே பல நாய்கள் காற்றில் கால் அடிக்க ஆரம்பித்துவிடும், அதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை வந்திருக்க வேண்டும். லாப்ரடாரை விடுங்கள், அது நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வலை இழுத்த நாய்களின் வாரிசு. தண்ணீர் உள்ளே இறங்காத அடர்ந்த முடி, விரல் இடுக்கில் சவ்வு, தடித்த வால் எல்லாம் அதற்கு உண்டு. பக், புல்டாக் கதை வேறு: மூக்கு தட்டை என்பதால் மூச்சு விட தலையை நன்றாக நிமிர்த்த வேண்டும், நிமிர்த்தினால் பின்பக்கம் தாழும், தாழ்ந்தால் மூழ்கும். டேஷண்டுக்குக் கால் குட்டை. நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் தரையில் மின்னலாக ஓடும், ஆனால் உடம்பில் கொழுப்பு என்று ஒன்று கிடையாது, அதனால் மிதப்பும் குறைவு, சீக்கிரம் குளிரும் எடுத்துவிடும். மற்ற நாட்டு நாய்கள் பெரும்பாலும் நன்றாகவே நீந்தும்.

ஆனால் நன்றாக நீந்துகிற நாயும் தண்ணீரில் சாகிறது. இறங்கிய இடத்தில் ஏறி வர வழி இல்லாமல், சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்துச் சாகிறது. இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எங்கே போனாலும் நான் முதலில் பார்ப்பது ஆழத்தை இல்லை, ஏறுகிற இடத்தை.

தோட்டத்தில் கிணறும் பண்ணைக்குட்டையும் இருக்கிறது. நாய் கட்டவிழ்த்துத்தான் திரியும். என்ன செய்யலாம்?

கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டுங்கள். முடியாவிட்டால் கம்பிவலையாவது அடியுங்கள், மேலே மட்டுமில்லாமல் தரையை ஒட்டியும், ஏனென்றால் பூனையையோ அணிலையோ துரத்துகிற நாய்க்கு ஒரு சின்னச் சந்து போதும்.

அதைவிட என்னைப் பயமுறுத்துவது பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டை. பார்த்தால் ஆழமில்லாத, சாய்வான, அப்பாவியான குட்டை. வெயிலுக்கு நாய் தண்ணீர் குடிக்கக் குனியும், முன்கால் வழுக்கும், உள்ளே போய்விடும். அப்புறம் அந்த ஷீட்டில் பாசி படிந்திருக்கும், நகம் பிடிக்காது. இரண்டடி ஏறும், சறுக்கும், மறுபடி ஏறும், சறுக்கும். கரை மூக்குக்கு எதிரிலேயே இருக்கும், எட்டவே எட்டாது. கன்றுக்குட்டிகளுக்கும் இதே கதிதான். குட்டை வெட்டி ஷீட் போட ஆகிற செலவைப் பார்த்தால் இதற்கான தீர்வுக்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை: பழைய டயர்களைக் கயிற்றில் கோத்து, கரையில் முளையடித்துக் கட்டி, தண்ணீருக்குள் வரை சரிவில் தொங்க விடுங்கள். தென்னை நார்க் கயிற்று வலையும் நன்றாக வேலை செய்யும். நான்கு பக்கமும் வேண்டும். பதறிய நாய் குட்டையைச் சுற்றி வந்து வழி தேடாது, விழுந்த பக்கமே ஏறப் பார்க்கும். கட்டினால் போதாது, நாயை ஒரு நாள் கயிற்றில் பிடித்துக்கொண்டு அந்த டயர் வழியாக ஏற்றியும் காட்டுங்கள்.

கிணற்றில் விழுந்துவிட்டது. இப்போது?

முதலில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், குரல் கேட்டால் பதற்றம் கொஞ்சம் அடங்கும். கூடவே மிதக்கிற எதையாவது கயிற்றில் கட்டி இறக்குங்கள்: காற்றடித்த டியூப், மரப்பலகை, மூடி இறுக்கிய காலி கேன். முன்கால் இரண்டையும் அதன்மேல் போட்டால் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். இன்னொருவர் 112 அல்லது 101க்கு அடித்துத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடட்டும், நாய், மாடு என்றாலும் வருவார்கள். கிராமத்தில் பழைய முறை ஒன்று இருக்கிறது, கயிற்றுக் கட்டிலின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி நாய்க்கு அடியில் வருகிற மாதிரி இறக்கித் தூக்குவது. நான்கு பேர் ஒரே அளவாக இழுத்தால் அருமையான வழி. கழுத்துப் பட்டையில் கொக்கி மாட்டி மட்டும் இழுத்துவிடாதீர்கள், தூக்கு போட்டதற்குச் சமம்.

நீங்கள் இறங்க வேண்டாம். பாழுங்கிணறு என்றால் இன்னும் கண்டிப்பாக வேண்டாம், அடியில் காற்றே இல்லாமல் இருக்கலாம்.

பி.ஏ.பி. வாய்க்காலில் தினமும் குளிக்க விடுகிறோம். நாலடித் தண்ணீர்தானே?

பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால்களில் ஆழத்தைவிட இழுப்பும் கரையும்தான் பிரச்சினை. கான்கிரீட் சரிவு, அதில் வழவழவென்று பாசி. நாய் தண்ணீரோடு போய்க்கொண்டே இருக்கும், ஏற முயன்ற ஒவ்வொரு முறையும் வழுக்கும், நீங்கள் கரையில் ஓடிக்கொண்டே இருப்பீர்கள். மதகு, சுரங்க வாய் எதிலாவது அடித்துச் செருகிவிட்டால் அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. பாசனத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுவதால் வாய்க்கால் பல மாதம் காய்ந்து கிடக்கும், நாய் அதன் நடுவில் நடந்தே பழகியிருக்கும். மண்டலத்துத் தண்ணீர் வந்த முதல் நாள் அதே பாதையில் போய் இறங்கும்.

வாய்க்காலில் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்றால் படிக்கட்டு உள்ள இடத்தில், உடம்பில் மாட்டும் ஹார்னஸோடு, நீளக் கயிற்றின் நுனி உங்கள் கையில் இருக்க வேண்டும். நான் செய்ய மாட்டேன்.

தத்தளிக்கிற நாயைக் காப்பாற்ற நான் குதிக்கலாமா?

வேண்டாம். நாயைக் காப்பாற்றக் குதித்தவர் போய், நாய் தானாகக் கரையேறிய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். பயந்த நாய் உங்கள் தலைமேல் ஏறத்தான் பார்க்கும். கயிறு, கம்பு, டியூப், துண்டு, எதை வேண்டுமானாலும் வீசுங்கள். ஏற முடிகிற இடத்துக்கு ஓடிப்போய் அங்கிருந்து கூப்பிடுங்கள்.

ரிசார்ட் நீச்சல் குளம் பாதுகாப்புதானே, தெளிவாக இருக்கிறதே?

குளத்தில் விழுந்த நாய் கிட்டத்தில் தெரிகிற விளிம்பைத்தான் பிடிக்கப் போகும். பின்னால் பத்தடியில் படிக்கட்டு இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் முதல் நாள் முழுக்க ஒரே பாடம்: குளத்தின் எந்த மூலையில் விட்டாலும் படிக்கு வந்து ஏற வேண்டும். படிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய செடித்தொட்டியோ குடையோ வைத்தால் அடையாளம் பிடித்துக்கொள்ளும். செங்குத்தான இரும்பு ஏணி மட்டும் இருக்கிற குளத்தில் நாயை இறக்காதீர்கள். குளத்தை ஷீட் போட்டு மூடியிருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள், தரை என்று நினைத்து நடக்கும், ஷீட் அமிழ்ந்து மேலே சுற்றிக்கொள்ளும். குளோரின் தண்ணீரை நாய் ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் குளிர்ந்த குடிதண்ணீர் பக்கத்திலேயே வைத்துவிட்டால் குளத்துத் தண்ணீரைக் குடிக்காது.

எப்படிப் பழக்குவது? தூக்கிப் போட்டால் தானாகக் கற்றுக்கொள்ளும் என்கிறார் மாமா.

மாமாவைத் தூக்கிப் போட்டுப் பாருங்கள். தூக்கிப் போட்ட நாய் நீந்தக் கற்காது, தண்ணீரையும் உங்களையும் நம்பக் கூடாது என்று கற்கும். குட்டிக்குத் தடுப்பூசி எல்லாம் முடிந்த பிறகு ஆரம்பியுங்கள், அதாவது சுமார் நான்கு மாதத்துக்கு மேல். ஆழியாற்றிலோ அமராவதியிலோ மணல் சரிவாக இறங்குகிற, இழுப்பில்லாத இடமாகப் பாருங்கள். நீங்கள் முட்டியளவு தண்ணீரில் போய் நில்லுங்கள், அது வயிறு நனைகிற வரை வரட்டும், திரும்பிப் போகட்டும். முன்கால் மட்டும் அடித்துப் பின்பக்கம் தாழ்ந்தால் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து இடுப்பைத் தூக்கிப் பிடியுங்கள், பின்காலும் வேலை செய்ய ஆரம்பிக்கும். ஐந்து நிமிடம் போதும். நன்றாக நீந்தும் நண்பர் வீட்டு நாய் கூட இருந்தால் பாதி வேலை மிச்சம்.

களைத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

முதுகைப் பாருங்கள். நன்றாக நீந்தும் நாயின் முதுகு தண்ணீருக்குச் சமமாகப் படுக்கையாக இருக்கும், முன்கால்கள் தண்ணீருக்குள்ளேயே ஓடும், சத்தமே இருக்காது. களைத்தால் இடுப்பு இறங்கும், உடம்பு நெட்டுக்குத்தலாக நிமிரும், முன்கால் தண்ணீருக்கு மேலே வந்து சளப் சளப்பென்று அடிக்கும், கண் அகலும். அந்தச் சத்தத்தை விளையாட்டு என்று நினைத்து வீடியோ எடுப்பவர்கள் உண்டு. அது மூழ்குவதன் ஆரம்பம். அதுவரை காத்திருக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே கூப்பிட்டு உட்கார வையுங்கள், லாப்ரடாருக்குப் போதும் என்று சொல்லவே தெரியாது.

நாய்க்கு லைஃப் ஜாக்கெட் அவசியமா? எதைப் பார்த்து வாங்குவது?

படகு என்றால் நீச்சல் புலிக்கும் அவசியம். ஆறு, கடல், தட்டை மூக்கு, வயசான நாய், ஒல்லி நாய் என்றாலும் அவசியம். ஆன்லைனில் வருகிற ஸ்டார், சான்று இவற்றை நம்பாதீர்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படைகூட மனிதர் போடும் ஜாக்கெட்டுக்குத்தான் ஒப்புதல் தருகிறது, நாய்களுக்கானதற்குத் தருவதில்லை. நீங்களே சோதிக்க வேண்டும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அளந்து வாங்குங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் போக வேண்டும், மூன்று போனால் லூஸ். முதுகில் கெட்டியான கைப்பிடி இல்லாத ஜாக்கெட் வேண்டவே வேண்டாம், நாயைப் படகுக்குத் தூக்குவது அதை வைத்துத்தான். வீட்டிலேயே மாட்டி, கைப்பிடியைப் பிடித்து நாயைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள்: தையல் முறுமுறுத்தாலோ நாய் ஒரு பக்கம் நழுவினாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள். தாடைக்கு அடியில் மிதவை இருந்தால் பக் மாதிரி நாய்களுக்கு நல்லது. நிறம் ஆரஞ்சு. கறுப்பு நாய்க்கு நீல ஜாக்கெட் அழகாகத்தான் இருக்கும், தண்ணீரில் தேட முடியாது.

வெயிலில் ஜாக்கெட்டோடு உட்கார வைத்தால் கொதித்துவிடும். நிழலில் வைத்து அடிக்கடி நனையுங்கள்.

படகில் ஏற்றும்போது?

சுற்றுலாப் படகுத் துறை என்றால் நாயை ஏற்றுவார்களா என்று கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள். ஆலப்புழை ஹவுஸ்போட்டோ, தெரிந்தவரின் ஃபைபர் படகோ, முதலில் கரையில் கட்டிய படகில், எஞ்சின் ஓடாமல், ஏறி இறங்கப் பழக்குங்கள். அப்புறம் எஞ்சின் போட்டு, அதே இடத்தில். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். கடுமையாக வாந்தி எடுக்கும் நாய்க்கு டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள், உங்கள் பெட்டியில் இருப்பதைக் கொடுக்காதீர்கள்.

ஃபைபர் தளத்தில் நகம் நிற்காது, ரப்பர் பாய் ஒன்று விரியுங்கள். புறங்கையைத் தளத்தில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துவிடும். தூண்டில் முள், மீன் நாற்றமடிக்கும் நைலான் நரம்பு, டீசல் கலந்த தண்ணீர் மூன்றையும் எட்டாமல் வையுங்கள். படகோடு நாயைக் கட்டிவைக்காதீர்கள், கவிழ்ந்தால் கூடவே போகும். வாரை ஒருவர் கையில் வைத்துக்கொள்வதே சரி.

பரிசலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வட்டமானது, எந்தப் பக்கம் எடை போனாலும் அந்தப் பக்கம் சாயும். பறவையைப் பார்த்து எம்புகிற நாய் பரிசலுக்கு ஆகாது. பெரிய நாய் என்றால் நடுவில், உங்கள் இரண்டு கால்களுக்கு இடையில் படுக்க வைக்க முடிந்தால் மட்டும் ஏறுங்கள்.

ஓடும் படகிலிருந்து குதித்துவிட்டால்?

எஞ்சினை உடனே நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள், விசிறிதான் முதல் எமன். ஒருவர் நாயைக் கைகாட்டிக்கொண்டே இருக்கட்டும், கண்ணை எடுக்கவே கூடாது, சின்ன அலையிலும் தலை மறைந்துவிடும். மெல்ல வளைந்து வந்து, பக்கத்தில் நெருங்கியதும் எஞ்சினை முழுதாக நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் கைப்பிடியால் தூக்குங்கள். பின்பக்கமாக ஏற்ற வேண்டாம். எல்லோரும் ஒரே பக்கம் வந்து எட்டிப் பார்த்தால் படகும் சேர்ந்து கவிழும்.

கடற்கரைக்குக் கூட்டிப்போகிறோம். வேறென்ன கவனிக்க வேண்டும்?

அலை இழுப்பு உங்களுக்கு ஆபத்து என்றால் நாய்க்கும் ஆபத்து. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடல் தண்ணீர் குடித்தால் முதலில் வாந்தி, பேதி; நிறையப் போனால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகும். குடிதண்ணீர் நிறைய எடுத்துப்போய், தாகம் எடுக்கும் முன்பே காட்டுங்கள்.

இனி பேத்தை மீன். வலையில் சிக்கிய பேத்தையை யாரும் வாங்க மாட்டார்கள் என்று மீனவர்கள் மணலிலேயே வீசிவிட்டுப் போவார்கள். வயிறு உப்பி, முள் முள்ளாக, பந்து மாதிரியே கிடக்கும், நாய் ஆசையாகக் கவ்வும். அதன் ஈரலிலும் முட்டையிலும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது, அதற்கு மாற்று மருந்தே கிடையாது. 2009இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து கடற்கரைகளில் நாய்கள் செத்தபோது காரணமாகக் கண்டுபிடித்ததும் இதே நஞ்சுதான், அங்கே அது ஓடில்லாத ஒரு கடல் நத்தை இனத்திலிருந்து வந்தது. மணலில் கிடக்கும் எதையும் வாயில் வைக்க விடாதீர்கள். வைத்துவிட்டால், நடை தள்ளாடும் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கரை ஒதுங்கிய சொறி மீன் (ஜெல்லி மீன்) செத்துக் கிடந்தாலும் கொட்டும், அதையும் முகர விடாதீர்கள்.

ஏரி, குளத்தில் விடலாமா?

தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல ஆடை கட்டியிருந்தால் கிட்டேயே போகாதீர்கள். சில நீலப்பச்சைப் பாசிகளின் நஞ்சு சில மணி நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடும், குடிக்கக்கூட வேண்டாம், முடியில் ஒட்டியதை நக்கினாலே போதும். ஆகாயத்தாமரை மூடிய குளமும் வேண்டாம். பச்சைத் தரை என்று நினைத்து ஓடிப்போய்க் காலை வைக்கும், கொடி பிரிந்து உள்ளே போகும், மேலே வரும்போது தலைக்கு மேல் மறுபடி மூடியிருக்கும்.

தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும், அது நாயிடமிருந்து உங்களுக்கும் தொற்றும். வருடாந்தர ஊசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அமராவதி அணை, கொள்ளிடம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே முதலை இருப்பது கதையில்லை.

பந்தை எறிந்து எறிந்து எடுக்க வைத்தோம். வீட்டுக்கு வந்ததும் வயிறு உப்பி, வாந்தி எடுத்துத் தள்ளாடுகிறது.

படிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். வாயைத் திறந்து பந்தைக் கவ்வும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் உள்ளே போகும். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும், சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. அடுத்த முறை பந்துக்குப் பதில் தட்டையான பொம்மை எறியுங்கள், வாயை அவ்வளவு திறக்க வேண்டியிருக்காது, நடுவில் ஓய்வும் கொடுங்கள். ஹோஸ் பைப் தண்ணீரைக் கடித்து விளையாடும் நாய்க்கும் இது வரும்.

மூழ்கிய நாயைத் தூக்கிவிட்டோம், மூச்சு இல்லை.

தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், நேரம்தான் போகும். பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயில் உள்ள சேறு, இலையை விரலால் எடுத்து, நாக்கை முன்னால் இழுங்கள். பத்து விநாடிக்குள் மூச்சு தெரியவில்லை என்றால், வாயை மூடிப் பிடித்து மூக்கின் வழியாக நெஞ்சு எழும்புகிற அளவு இரண்டு முறை ஊதுங்கள். உணர்வே இல்லை என்றால் நெஞ்சை அமுக்க ஆரம்பியுங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது அமுங்க வேண்டும், 30 அமுக்கலுக்கு இரண்டு ஊதல். பெரும்பாலான பெரிய நாய்களுக்கு நெஞ்சின் அகலமான இடத்தில் அமுக்கலாம். சிப்பிப்பாறை மாதிரி குறுகி ஆழ்ந்த நெஞ்சுக்கு முழங்கை தொடும் இடத்தில், இதயத்துக்கு நேராக. புல்டாக் என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து. சின்ன நாய்க்கு ஒரு கையால் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொண்டு, முடிந்தால் ஓடும் காரிலேயே.

பிழைத்து எழுந்து வாலாட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் ஒரு நாள் கழித்தும் மூச்சைப் பிடிக்கும். தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு, இருமல், ஈறு நீலம், இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி இரண்டு மணி என்றாலும் கிளம்புங்கள்.

யாரைத் தண்ணீரில் விடவே கூடாது?

வலிப்பு உள்ளவை, இதய நோய் உள்ளவை, கருத்தடை ஆபரேஷன் முடிந்து தையல் ஆறாதவை, காதில் சீழ் உள்ளவை.

நீந்திய மறுநாள் வால் தொங்கிப்போய்விட்டது. எலும்பு முறிவா?

பெரும்பாலும் இல்லை. அதிகம் நீந்தியதில் வால் தசை பிடித்துக்கொண்டது, லாப்ரடாருக்கு அடிக்கடி வரும். அடியில் இரண்டு விரல் நீளம் நேராக நின்று அப்புறம் செத்த மாதிரித் தொங்கும், உட்காரவே யோசிக்கும். ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகிவிடும். வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் வலிமருந்து கேளுங்கள், வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், ப்ரூஃபென் எதுவும் கூடாது. அப்படியே காதையும் பார்க்கச் சொல்லுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் தொங்கு காது நாய் நீந்திவிட்டு வந்தால் காது மடலைத் திருப்பிப் பருத்தித் துணியால் ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும், பட்ஸை உள்ளே விடாமல். நல்ல தண்ணீரில் அலசி, அக்குளும் விரல் இடுக்கும் காய்கிற வரை துடைத்துவிட்டுத்தான் காரில் ஏற்றுவது.